சீச்சூவின் 56 கோல்களில் தார்ன்டனின் பங்கு எவ்வளவு?

வட அமெரிக்காவின் ஐஸ் ஹாக்கி லீக்கான என்.எச்.எல்.லில் 2005-06 சீசனில் அதிக கோல் அடித்தவர் சான் ஹோசே ஷார்க்ஸ் அணியின் ஜானதன் சீச்சூ. மொத்தம் 56. ஆனால் முதல் 24 ஆட்டங்களில் அவர் அடித்தது வெறும் 7. நவம்பர் 30 அன்று பாஸ்டன் அணியிலிருந்து ஜோ தார்ன்டன் வந்து சேர்ந்தார். மிச்சமிருந்த 58 ஆட்டங்களில் சீச்சூ 49 கோல் போட்டார்.

ஐஸ் ஹாக்கியில் முன்கள வீரர்கள் மூன்று மூன்று பேராகத்தான் இறங்குவார்கள். இந்தக் கூட்டணிக்கு லைன் என்று பெயர். முக்கால் நிமிடம் போல ஆடிவிட்டு மூவரும் வெளியேற, அடுத்த லைன் உள்ளே வரும். தார்ன்டனும் சீச்சூவும் ஒரே லைனில் ஆடினார்கள்.

தார்ன்டன் ஆறடி நான்கு அங்குலம், நீளக் கை. கோல் வலைக்குப் பின்னாலோ ஓரச் சுவரை ஒட்டியோ பக்கை (பந்துக்குப் பதிலாக இருக்கும் ரப்பர் வட்டை) விடாமல் வைத்துக்கொண்டு நிற்பார். பறிக்க இரண்டு பேர் போவார்கள். கோல்கீப்பரும் அந்தப் பக்கக் கம்பத்தோடு ஒட்டிக்கொண்டு அவரையே பார்த்துக்கொண்டிருப்பார். அந்த நேரம் பார்த்து சீச்சூ வலைக்கு எதிரே காலி இடத்துக்கு நழுவி வருவார். பக் வந்ததும் நிறுத்தாமலே அடித்துவிடுவார். கோல்கீப்பர் திரும்பிக் குறுக்கே நகர்வதற்குள் வேலை முடிந்துவிடும். தயாராக எதிரே நிற்கும் கோல்கீப்பரிடம் அதே அடியை அடித்தால் பெரும்பாலும் தடுத்துவிடுவார்.

கொடுப்பவரும் வாங்குபவரை நம்பித்தான் இருக்கிறார். கோலுக்கு முன் பக்கைக் கடத்திய இரண்டு பேர் வரை அசிஸ்ட் கிடைக்கும். கோலுக்கும் அசிஸ்டுக்கும் தலா ஒரு புள்ளி. எவ்வளவு அருமையாகக் கொடுத்தாலும், வாங்கியவர் கோட்டைவிட்டால் கணக்கில் ஒன்றும் ஏறாது. தார்ன்டன் பாஸ்டனில் 23 ஆட்டங்களில் 33 புள்ளி எடுத்தார்; ஷார்க்ஸில் 58 ஆட்டங்களில் 92. அவர் சராசரியும் கூடியது. அதனால் சீச்சூ ஏதோ தார்ன்டனை ஒட்டிக்கொண்டு பிழைத்தவர் என்பது போலப் பேசுவது எனக்குச் சரியாகப் படவில்லை. அந்த நொடியில் அந்த இடத்துக்கு வந்து நிற்பதும் திறமைதான். அடுத்த மூன்று சீசன்களில் தார்ன்டன் கூடவே இருந்தும் சீச்சூவின் கோல்கள் 37, 23, 12 என்று இறங்கின. காயங்கள் அவரை விடவில்லை.

சரி, யார் பங்கு எவ்வளவு என்று எப்படிப் பிரிப்பது? இருவரும் சேர்ந்து ஆடிய நிமிடங்கள், இவர் மட்டும் ஆடியவை, அவர் மட்டும் ஆடியவை என்று பிரித்து, ஒவ்வொன்றிலும் அணி எந்த வேகத்தில் கோல் அடித்தது என்று பார்ப்பார்கள். எதிரணியில் ஆள் குறைந்திருக்கும் பவர் பிளே நேரத்தைத் தனியே வைக்க வேண்டும். நட்சத்திர லைனுக்கு எதிராக மற்ற அணி தன் சிறந்த தடுப்பாட்டக்காரர்களை இறக்கும். அதையும் கணக்கில் சேர்க்க வேண்டும்.

இணைபிரியாதவர்களிடம் இந்த முறை திணறுகிறது. வான்கூவர் அணியின் ஸ்வீடன் இரட்டையர்கள் ஹென்ரிக் செடீனும் டேனியல் செடீனும் தனித்தனியே ஆடிய நிமிடங்களே அபூர்வம். 2009-10இல் டேனியலுக்குக் கால் எலும்பு முறிந்து, 82 ஆட்டங்களில் 63இல்தான் ஆட முடிந்தது. பாஸ் கொடுப்பவர் என்றே பெயரெடுத்த ஹென்ரிக் அந்த சீசனில் 29 கோல் அடித்தார். அவர் ஆடிய எல்லா சீசன்களிலும் அதுதான் அதிகம். 112 புள்ளிகளோடு லீக்கில் முதலிடமும் அவருக்கே. ஆனால் தம்பி இல்லாத அந்த 19 ஆட்டங்களை மட்டும் வைத்து எதையும் உறுதியாகச் சொல்ல முடியாது. அவ்வளவு குறைந்த ஆட்டங்களில் அதிர்ஷ்டமே ஒருவரின் கோல்களை இரட்டிப்பாக்கும், பாதியாகவும் குறைக்கும். அடுத்த சீசனில் இருவரும் 82 ஆட்டங்களிலும் ஆடினார்கள். அந்த முறை 104 புள்ளிகளோடு முதலிடம் டேனியலுக்கு.