முறுக்க முறுக்க ஒழுகும் ஆயில் பேன்

பழைய காரின் எஞ்ஜினுக்கு அடியில் ராத்திரி ஒரு அட்டையைப் போட்டு வைத்தால், காலையில் அதில் கறுப்பாக நாலு சொட்டு இருக்கும். உடனே ஸ்பானரை எடுத்துக்கொண்டு கீழே படுத்து, ஆயில் பேன், அதாவது எஞ்ஜினுக்கு அடியில் ஆயிலைத் தாங்கி நிற்கும் தொட்டி, அதன் போல்ட்டுகளை ஒவ்வொன்றாக இன்னும் கொஞ்சம் முறுக்கிவிட்டு எழுந்து வருவோம். நானும் முதல் தடவை அதைத்தான் செய்தேன், இரண்டு வாரத்தில் நாலு சொட்டு பத்துச் சொட்டானது.

காரணம் ரொம்ப எளிது. பல பழைய எஞ்ஜின்களில் ஆயில் பேன் என்பது அச்சில் அழுத்தி எடுத்த மெல்லிய இரும்புத் தகடு. அதன் விளிம்புக்கும் எஞ்ஜின் பிளாக்குக்கும் நடுவில், ஆயில் கசியாமல் அடைக்க ஒரு மெல்லிய பட்டை, அதாவது கேஸ்கெட். போல்ட்டை அளவுக்கு மேல் முறுக்கினால் துளையைச் சுற்றியிருக்கும் தகடு மட்டும் மேலே இழுபட்டுக் குமிழ் மாதிரி புடைத்துக்கொள்ளும். போல்ட் இருக்கும் இடத்தில் கேஸ்கெட் நசுங்கிப் போகும், இரண்டு போல்ட்டுக்கு நடுவில் தகடு விலகி நிற்கும், ஆயில் அந்த இடைவெளியில் சாவகாசமாக வெளியே வரும். மேலும் முறுக்கினால் குமிழும் பெரிதாகும், இடைவெளியும் பெரிதாகும்.

பல எஞ்ஜின்களில் இந்தச் சின்ன போல்ட்டுகளுக்குத் தேவையான முறுக்குவிசை சுமார் 10 நியூட்டன் மீட்டர்தான் (உங்கள் எஞ்ஜினின் கையேடு சொல்லும் அளவே இறுதியானது). 20 செ.மீ. நீளமுள்ள கைப்பிடியின் நுனியில் 5 கிலோ எடையைத் தொங்கவிட்டால் வரும் விசை அவ்வளவுதான். அதே கைப்பிடியைப் பிடித்து யாராலும் 20 கிலோவுக்கு மேல் சுலபமாக இழுக்க முடியும், அதனால் கைக்கணக்கை நம்பாமல் முறுக்குவிசையை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் வைத்து முறுக்குங்கள்.

கேஸ்கெட்டுக்கு ஏன் தக்கையைத் தேர்ந்தெடுத்தார்கள் என்பது அழகான விஷயம். 1665இல் ராபர்ட் ஹூக் நுண்ணோக்கியில் பார்த்து 'செல்' என்று பெயர் வைத்தது தக்கைக்குள் இருக்கும் சின்னச் சின்ன அறைகளுக்குத்தான். காற்று நிரம்பிய அந்த அறைகள் அமுக்கினால் பக்கவாட்டில் பிதுங்காமல் உள்ளுக்குள்ளேயே மடங்கும், விட்டால் ஓரளவு திரும்பி வரும். ரப்பர் அப்படி இல்லை, அதன் கன அளவு கிட்டத்தட்ட மாறவே மாறாது, மேலே அமுக்கினால் பக்கத்தில் பிதுங்கியே தீரும். அதனால்தான் ஒரே துண்டாக வரும் நல்ல ரப்பர் கேஸ்கெட்டுகளில் போல்ட் துளைக்குள் இரும்பு வளையம் வைத்திருப்பார்கள். தகடு அந்த வளையத்தில் போய் முட்டியதும் நசுங்குவது நின்றுவிடும். தக்கைத் துகளையும் ரப்பரையும் கலந்து செய்த பழைய வகைக்கு அந்தக் காவல் இல்லை, ஒரேயடியாக நசுக்கினால் துளையோரத்தில் பிய்ந்துவிடும்.

சரி, ஒழுகுவது பேன்தானா? இதை முதலில் முடிவு செய்யாமல் ஒரு போல்ட்டைக்கூடத் தொடாதீர்கள். ஆயில் மேலிருந்து வழியும், வண்டி ஓடும்போது காற்று அதைப் பின்னால் தள்ளும், அதனால் எஞ்ஜின் உச்சியில் இருக்கும் வால்வு கவரில் கசிந்தது பேனின் பின்மூலையில் வந்து சொட்டும். எஞ்ஜினின் அடிப்பக்கத்தை நன்றாகக் கழுவித் துடைத்து, காய்ந்ததும் முகப்பவுடரைத் தூவி, கொஞ்ச தூரம் ஓட்டிவிட்டு, பவுடர் நனைந்த இடங்களில் எது மிக உயரத்தில் இருக்கிறது என்று பாருங்கள். இன்னொரு துப்பும் உண்டு: பெரும்பாலான எஞ்ஜின்களில், நிறுத்திய பிறகு ஆயிலின் மட்டம் பேன் விளிம்புக்குக் கீழேதான் நிற்கும். ஆகவே நாள்கணக்கில் நிறுத்தி வைத்த வண்டியிலும் சொட்டு நிற்கவில்லை என்றால் ஆயிலை வடிக்கும் டிரெயின் பிளக்கின் வாஷரையோ துருப்பிடித்த அடித்தகட்டையோ சந்தேகப்படுங்கள்.

பேனையும் கேஸ்கெட்டையும் பழி சொல்வதற்கு முன் காற்றுப் போக்கையும் பார்க்க வேண்டும். பிஸ்டன் ரிங்குகளைத் தாண்டி எரிந்த வாயு கொஞ்சம் எப்போதும் கீழே இறங்கும். அதை எஞ்ஜின் திரும்ப உறிஞ்சிக்கொள்ள வழிவிடும் பிசிவி வால்வோ, வெளியே விடும் பிரீத்தர் குழாயோ அடைத்துக்கொண்டால், உள்ளே அழுத்தம் ஏறி எல்லா இணைப்புகளிலும் ஆயிலை வெளியே தள்ளும். பழைய பிரிட்டிஷ் காரான மோரிஸ் மைனரில் வந்த ஏ-சீரிஸ் எஞ்ஜினில், பிஸ்டன்கள் சுழற்றும் தண்டான கிராங்க் ஷாஃப்ட்டின் பின்முனையில் ரப்பர் சீலே கிடையாது, மரை போல வெட்டிய பள்ளம் சுழன்று ஆயிலை உள்ளே திருப்பி அனுப்பும். அங்கே கொஞ்சம் அழுத்தம் ஏறினாலே போதும், பள்ளம் தோற்றுவிடும். பிசிவி வால்வு உள்ள எஞ்ஜினை ஐடிலில் ஓடவிட்டு, ஆயில் ஊற்றும் வாயின் மேல் ஒரு தாளை வையுங்கள்: தாள் மெல்ல உள்ளே இழுபட வேண்டும். தூக்கி எறிந்தால், அல்லது புகை புஸ்புஸ்ஸென்று வந்தால், புது கேஸ்கெட் போட்டும் பயனில்லை.

பேனைக் கழற்ற வண்டியை ஸ்டாண்டில் நிறுத்துங்கள், வெறும் ஜாக்கை நம்பி அடியில் போகவே கூடாது. கழற்றியதும் விளிம்பின் மேல் ஒரு இரும்பு ஸ்கேலை நிறுத்திப் பின்னாலிருந்து டார்ச் அடித்தால், ஸ்கேல் குமிழ்களின் மேல் உட்கார்ந்திருப்பதும் நடுவில் வெளிச்சம் கோடாகத் தெரிவதும் கண்ணுக்கே தெரியும். கேஸ்கெட் படும் பக்கம் மேலே இருக்க, விளிம்பைக் கனமான கட்டையில் வைத்து, சின்ன சுத்தியலால் குமிழ்களை மெதுவாகத் தட்டி, அந்தக் கோடு மறையும் வரை திரும்பத் திரும்பப் பார்க்க வேண்டும். மொத்த வேலையிலும் அரை மணி நேரம் பொறுமையாகச் செலவழிக்க வேண்டிய இடம் இதுதான்.

அப்புறம் இரண்டு பரப்பிலும் பழைய கேஸ்கெட் துணுக்கு இல்லாமல் சுரண்டி, எண்ணெய்ப் பிசுக்கு போகத் துடையுங்கள். 1955இல் வந்த ஷெவர்லே ஸ்மால் பிளாக் மாதிரி எஞ்ஜின்களில் கேஸ்கெட் நாலு துண்டாக வரும், துண்டுகள் சேரும் நாலு மூலைகள்தான் ஒழுகும் இடம், அங்கே மட்டும் சிலிகான் பேஸ்ட் ஒரு துளி வையுங்கள். நிறைய அப்பினால் உள்பக்கம் பிதுங்கியது உதிர்ந்து ஆயில் பம்ப்பின் சல்லடையில் போய் அடைக்கும். அது எஞ்ஜினையே தின்றுவிடும். போல்ட்டுகளை முதலில் கையால் ஏற்றி, நடுவிலிருந்து ஓரத்துக்கு, இரண்டு மூன்று சுற்றாக முறுக்குங்கள். பேஸ்ட் காற்றின் ஈரத்தால்தான் இறுகும், ஒரு நாள் விட்டுவிட்டு ஆயில் ஊற்றுவது நல்லது. தக்கை கேஸ்கெட் என்றால் சில தடவை சூடாகி ஆறியதும் கொஞ்சம் படிந்துவிடும். அப்போது எஞ்ஜின் ஆறிய பிறகு, டார்க் ரெஞ்சை அதே அளவில் வைத்து எல்லா போல்ட்டையும் ஒரு முறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.