வாழைப்பழ வாசனை, தேனீக்குப் போர் முரசு

வாழைப்பழ மிட்டாயின் தாளைப் பிரித்ததும் குப்பென்று ஒரு வாசனை வருமே, அது பெரும்பாலும் ஒரே ஒரு வேதிப்பொருளின் வேலை. பெயர் ஐசோஅமைல் அசிட்டேட். நிஜப் பழத்திலும் இது இருக்கிறது, ஆனால் அங்கே இன்னும் எத்தனையோ பொருட்கள் கூடவே இருப்பதால் மிட்டாய் மாதிரி ஒற்றை நெடியாக அடிப்பதில்லை.

இது எஸ்டர் வகை. ஓர் அமிலமும் ஓர் ஆல்கஹாலும் கைகோத்து, ஒரு தண்ணீர் மூலக்கூறை வெளியே தள்ளினால் எஸ்டர். இங்கே அமிலம், வினிகருக்குப் புளிப்பைத் தரும் அசிட்டிக் அமிலம்; ஆல்கஹால், தொண்டையைக் கமறவைக்கும் ஐசோஅமைல் ஆல்கஹால். இரண்டையும் தனித்தனியாக முகர்ந்தவர்கள், இவற்றுக்குப் பிறப்பது பழ வாசனை அடிக்கும் என்று சத்தியம் செய்தாலும் நம்பமாட்டார்கள்.

செய்முறை எளிதுதான், கொஞ்சம் கந்தக அமிலத்தை வினையூக்கியாகச் சேர்த்து ஒரு மணி நேரம் போலக் கொதிக்கவிட வேண்டும் (வேதியியலாளர்கள் ஃபிஷரும் ஸ்பீயரும் 1895-ல் விவரித்த முறை). சிக்கல் என்னவென்றால் இது இரு திசையிலும் ஓடும் வினை, உருவான எஸ்டர் தண்ணீரோடு சேர்ந்து பழையபடி பிரியவும் செய்யும், அதனால் அமிலத்தையும் ஆல்கஹாலையும் சம மோல் அளவில் (அதாவது மூலக்கூறு எண்ணிக்கையில் சமமாக) எடுத்தால் ஏறக்குறைய மூன்றில் இரண்டு பங்கு மாறியதும் வினை நின்றுபோனது போல ஆகிவிடும். அதற்காகத்தான் அசிட்டிக் அமிலத்தைத் தாராளமாக ஊற்றுகிறார்கள். மிச்சப்படும் அமிலத்தைச் சமையல் சோடா கரைசலால் கழுவும்போது நுரை பொங்கும், அது அடங்கியதும் பார்த்தால் எஸ்டர் தண்ணீரில் கரையாமல் மேலே தனி அடுக்காக மிதக்கும். ஆய்வகத்தில் இதைச் செய்தவர்களுக்குத் தெரியும், அன்றைக்கு முழுக்கக் கையில் வாழைப்பழ வாசனைதான்.

சரி, ஏன் இவ்வளவு வாசனை? ஹெப்டனோயிக் அமிலம் என்று ஒன்று உண்டு. அதற்கும் இதற்கும் அணுக்கணக்கு ஒன்றே: 7 கார்பன், 14 ஹைட்ரஜன், 2 ஆக்சிஜன். ஆனால் அந்த அமிலம் கொதிக்க சுமார் 223 டிகிரி செல்சியஸ் வேண்டும், நம் எஸ்டருக்கு 142 போதும். அமில மூலக்கூறுகள் ஹைட்ரஜன் பிணைப்பால் ஒன்றையொன்று இறுக்கிப் பிடித்திருக்கின்றன. எஸ்டரில் அப்படிப் பிடித்துக்கொள்ள ஆக்சிஜனோடு இணைந்த ஹைட்ரஜன் கிடையாது. பிடி தளர்வு, அதனால் சுலபமாகக் காற்றில் ஏறி மூக்குக்கு வந்துவிடுகிறது.

இந்தத் தளர்வுதான் அதன் பிழைப்பே. நைட்ரோசெல்லுலோஸ் அரக்குப் பூச்சுகளில் கரைப்பானாக இருந்து, பூசி முடித்ததும் நழுவிவிடும். மூச்சுக்கவசம் முகத்தில் சரியாகப் பொருந்தியிருக்கிறதா என்று பார்க்கவும் இதைப் பக்கத்தில் ஆவியாக விடுவதுண்டு. வாழைப்பழம் மணந்தால் எங்கோ இடுக்கு இருக்கிறது (கரிம ஆவியைப் பிடிக்கும் வடிகட்டி போட்டிருக்க வேண்டும், தூசி வடிகட்டிக்கு இந்தச் சோதனை செல்லாது). சுலபமாகத் தீப்பிடிக்கும் என்பதையும் மறந்துவிடக் கூடாது. அதையே பயனாக்கி 1884-ல் ஹெஃப்னர்-ஆல்டெனெக் என்ற ஜெர்மன் பொறியாளர் ஒரு விளக்கு செய்தார், எரிபொருள் அமைல் அசிட்டேட் என்று அன்று அழைத்த இதே பொருள், சுடரின் உயரம் 40 மில்லிமீட்டர், ஜெர்மனியில் வெகுகாலம் ஒளியை அளக்க அதுதான் அலகு.

எனக்குப் பிடித்த கதை தேனீயுடையது. தேனீ கொட்டும்போது கொடுக்கு நம் தோலிலேயே தங்கிவிடும், அதன் அடியிலிருந்து ஒரு கலவை ஆவியாகிக்கொண்டே இருக்கும். அதில் முக்கியமான பொருள் ஐசோஅமைல் அசிட்டேட் என்று 1962-ல் கண்டுபிடித்தார்கள். மற்ற தேனீக்களுக்கு அது 'எதிரி இங்கே இருக்கிறான்' என்ற அறிவிப்பு, எனவே ஒன்று கொட்டிய இடத்தைச் சுற்றியே அடுத்ததும் வந்து கொட்டும். தேனீ வளர்ப்பவர்கள் கொடுக்கை உடனே சுரண்டி எறிந்துவிட்டு அந்த இடத்தில் புகை காட்டுவது இதனால்தான். வாசனையைப் புகை மறைத்துவிடும். பெட்டியைத் திறக்கப் போகிறவர் அதற்கு முன் வாழைப்பழம் சாப்பிடக் கூடாது என்றும் அவர்களுக்குள் ஒரு பேச்சு உண்டு.