அட்ரினல் கட்டியை ஏன் உடனே எடுப்பதில்லை?

ஸ்கேன் ரிப்போர்ட்டில் அட்ரினலில் கட்டி என்று வந்துவிட்டால் வீட்டில் எல்லோரும் கேட்கிற முதல் கேள்வி, எப்போது எடுப்பார்கள் என்பதுதான். டாக்டரோ இரண்டு மூன்று வாரம் போகட்டும் என்கிறார். அதுவரை மாத்திரை, நிறையத் தண்ணீர், போதாததற்கு உப்பையும் கூட்டிச் சாப்பிடுங்கள் என்கிறார். பிபி எகிறிக்கொண்டிருக்கிற ஆளுக்கு உப்பா என்று சொந்தக்காரர்கள் கொதித்துப்போவார்கள், இந்த டாக்டர் இழுத்தடிக்கிறார், வேறு இடம் பார்க்கலாம் என்று கிளம்புகிறவர்களும் உண்டு. தயவுசெய்து கிளம்பாதீர்கள். சில அட்ரினல் கட்டிகளில் நோயாளி பிழைப்பது கத்தி வைப்பதற்கு முந்தைய அந்த இரண்டு வாரத்தில்தான் பெரும்பாலும் தீர்மானமாகிறது.

அட்ரினல் என்பது ஒவ்வொரு சிறுநீரகத்தின் தலைமேலும் உட்கார்ந்திருக்கிற சின்னச் சுரப்பி, எடை நாலைந்து கிராம்தான். அதன் வெளிப்பட்டை கார்டிசால், ஆல்டோஸ்டிரோன் போன்ற ஹார்மோன்களைச் சுரக்கிறது, உள்பகுதி அட்ரினலினையும் நார்அட்ரினலினையும் சுரக்கிறது. கட்டி எந்தப் பகுதியில் இருக்கிறது, எந்த ஹார்மோனைக் கொட்டுகிறது என்பதை வைத்து ஆபரேஷனுக்கான தயாரிப்பே மாறிவிடும். இதில் அதிகக் கவனம் தேவைப்படுவது உள்பகுதியில் வருகிற ஃபியோகுரோமோசைட்டோமா. அதனால் அதைப் பற்றித்தான் விரிவாக எழுதுகிறேன்.

இந்தக் கட்டி இருப்பவர்களுக்குத் திடீர் திடீரென்று மண்டையைப் பிளக்கும் தலைவலி, குப்பென்று வியர்வை, படபடப்பு மூன்றும் சேர்ந்து வரும், பிபி ஏறும், கொஞ்ச நேரத்தில் ஒன்றுமே நடக்காதது போல அடங்கிவிடும். பயம், டென்ஷன் என்று சொல்லி வருடக்கணக்கில் தூக்க மாத்திரை கொடுத்து அனுப்பப்பட்டவர்கள் இருக்கிறார்கள், கேட்கவே வயிறு எரிகிறது. கண்டுபிடிக்கும் வழி ரத்தத்திலோ 24 மணி நேரச் சிறுநீரிலோ, அட்ரினலினும் நார்அட்ரினலினும் உடைந்து உண்டாகிற மெட்டாநெஃப்ரின் அளவைப் பார்ப்பது. ரத்தப் பரிசோதனை என்றால் இருபது முப்பது நிமிடம் படுக்கவைத்து, படுத்த நிலையிலேயே ரத்தம் எடுக்க வேண்டும், உட்கார்ந்து எடுத்தால் அளவு பொய்யாகக் கூடிக் காட்டக்கூடும். சில மன அழுத்த மாத்திரைகளும் இந்த அளவைக் கூட்டிவிடும் என்பதால் சாப்பிடுகிற எல்லா மருந்தையும் முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

சரி, உடனே ஏன் எடுப்பதில்லை? மாதக்கணக்கில் அட்ரினலினிலும் நார்அட்ரினலினிலும் ஊறிய உடம்பில் ரத்தக் குழாய்கள் இறுகிச் சுருங்கியிருக்கும். குழாய் சுருங்கியதால் உள்ளே ஓடுகிற ரத்தத்தின் மொத்த அளவும் குறைந்துபோயிருக்கும், ஆனால் பிபி அதிகமாக இருப்பதால் வெளியே தெரியாது. இந்த நிலையில் அப்படியே டேபிளில் படுக்கவைத்தால் மயக்க மருந்து கொடுத்து தொண்டையில் குழாய் விடும்போது, துளை வழி ஆபரேஷனுக்காக வயிற்றில் வாயு நிரப்பும்போது, எல்லாவற்றுக்கும் மேலாகக் கட்டியைத் தொடும்போது, ஹார்மோன் மொத்தமாக ரத்தத்தில் கொட்டி மேல் அளவு பிபி 250ஐத் தாண்டலாம், மூளையில் ரத்தக் கசிவு, மாரடைப்பு எதுவும் நடக்கலாம். அதைத் தாண்டிவிட்டோம் என்று மூச்சு விடுகிற நேரத்தில் கட்டியின் சிரையைக் கட்டுவார்கள், ஹார்மோன் வரத்து சட்டென்று நின்றுவிடும், இறுகியிருந்த குழாய்கள் தளரும், நிரப்பப் போதுமான ரத்தம் இல்லாமல் பிபி பாதாளத்துக்குப் போகும். ஒரே ஆபரேஷனில் இரண்டு ஆபத்தும் எதிரெதிர்த் திசையில் வருகிறது.

1926இல் சுவிட்சர்லாந்தின் லோசான் நகரில் சேசார் ரூ, அதே ஆண்டில் அமெரிக்காவின் ராச்செஸ்டரில் சார்லஸ் மேயோ, இந்த இரண்டு சர்ஜன்களும் இப்படிப்பட்ட கட்டியை எடுத்து நோயாளியைப் பிழைக்கவைத்தார்கள். மேயோவின் நோயாளி ஒரு கன்னியாஸ்திரி, வயிற்றைத் திறக்கும்வரை உள்ளே இருப்பது என்ன என்று மேயோவுக்கே தெரியாது. எந்தத் தயாரிப்பும் இல்லாத காலம் அது, பிற்பாடு பல இடங்களில் நிறையப் பேர் டேபிளிலேயே இறந்திருக்கிறார்கள். இன்றைக்குத் தேர்ந்த மையங்களில் இறப்பு 3 விழுக்காட்டுக்கும் கீழே வந்ததற்கு முன்தயாரிப்பு, மயக்க மருந்து மருத்துவம், லேப்ராஸ்கோப்பி என்கிற துளை வழி ஆபரேஷன் எல்லாவற்றுக்கும் பங்கு உண்டு.

தயாரிப்பின் முதல் படி ஆல்ஃபா பிளாக்கர். ரத்தக் குழாய்ச் சுவரில் ஆல்ஃபா ஏற்பிகள் இருக்கின்றன, நார்அட்ரினலின் அவற்றில் போய் ஒட்டும்போதுதான் குழாய் சுருங்குகிறது. ஃபினாக்சிபென்சமைன், பிரசோசின், டாக்சசோசின் போன்ற மருந்துகள் அந்த ஏற்பிகளை முன்கூட்டியே அடைத்துவிடும். குறைந்தது 7 முதல் 14 நாள், குறைந்த அளவில் தொடங்கி மெதுவாக ஏற்றுவார்கள். உட்கார்ந்திருக்கும்போது பிபி 130/80க்குக் கீழே, எழுந்து நிற்கும்போது மேல் அளவு 90க்கு மேலே இருக்கிற இடத்துக்குக் கொண்டுவருவதுதான் பொதுவான இலக்கு. அதனால்தான் உட்கார்ந்து ஒரு முறை, நின்று ஒரு முறை என்று இரண்டு அளவையும் எழுதிவைக்கச் சொல்வார்கள். ஆரம்பத்தில் எழுந்தால் தலை சுற்றும், கட்டிலிலிருந்து இறங்கும் முன் ஒரு நிமிடம் காலைத் தொங்கப்போட்டு உட்கார வேண்டும், ராத்திரி பாத்ரூமுக்குத் தனியாகப் போகக் கூடாது.

என் அத்தைக்கு இந்தத் தயாரிப்பு நடந்தபோது ஒன்பது, பத்தாம் நாள் வாக்கில் மூக்கு முழுக்க அடைத்துக்கொண்டது. மழை நேரம், சளி பிடித்துவிட்டது என்று நினைத்து வீட்டில் கிடந்த சளி மாத்திரையைக் கையில் எடுத்துவிட்டார். போடும் முன் எதற்கும் கேட்டுக்கொள்வோம் என்று வார்டு சிஸ்டருக்கு போன் போட்டதால் தப்பித்தார். "அம்மா, அது சளி இல்ல, மாத்திரை நல்லா வேலை செய்யுதுன்னு அர்த்தம், அந்தச் சளி மாத்திரைய மட்டும் தொட்டுடாதீங்க" என்று சிஸ்டர் சொன்னாராம். மூக்கினுள் இருக்கிற நுண்குழாய்களும் ஆல்ஃபா ஏற்பிகளால்தான் சுருங்குகின்றன, ஏற்பி அடைபட்டால் அவை விரிந்து வீங்கி மூக்கு அடைக்கும், அதையே டாக்டர்கள் ஒரு நல்ல அறிகுறியாகப் பார்க்கிறார்கள். சளி மாத்திரைகள் பலவற்றில் ஃபினைலெஃப்ரின் இருக்கும், அது அடைத்து வைத்த அதே ஏற்பியைத் தூண்டுகிற மருந்து. வாந்திக்குச் சாதாரணமாகப் போடுகிற மெட்டோகுளோபிரமைடும் இந்தக் கட்டியைச் சீண்டிவிடக்கூடியது. எந்த ஆஸ்பத்திரிக்குப் போனாலும், வேறு எதற்காகப் போனாலும், முதலில் கட்டியைப் பற்றிச் சொல்லிவிட வேண்டும்.

அப்புறம் அந்த உப்பு விஷயம். ஆல்ஃபா பிளாக்கர் குழாயை விரித்துவிட்டது, இனி அதை நிரப்ப வேண்டும். சோடியம் உள்ளே போனால்தான் குடிக்கிற தண்ணீர் ரத்தத்தில் தங்கும். மாத்திரை தொடங்கி இரண்டு மூன்று நாளில், உப்புப் போட்ட மோர், கஞ்சி, ரசம், கூட ஊறுகாய், அப்பளம் என்று நாள் முழுக்கக் கொடுக்கச் சொல்வார்கள். வருடக்கணக்கில் உப்பில்லாமல் சமைத்த வீட்டில் இது ஒரு பெரிய அதிர்ச்சி. ஆனால் இதயம் பலவீனமானவர்களுக்கும் சிறுநீரகக் கோளாறு உள்ளவர்களுக்கும் இது பொருந்தாது, மாத்திரை தொடங்கும் முன்பே உப்பை அள்ளிப் போடுவதும் ஆபத்து. அளவும் நேரமும் டாக்டர் சொல்லித்தான்.

இதயத் துடிப்பு வேகமாக இருந்தால் பீட்டா பிளாக்கர் சேர்ப்பார்கள், ஆனால் ஆல்ஃபா பிளாக்கர் மூன்று நாலு நாளாவது வேலை செய்த பிறகுதான். இந்த வரிசை மாறவே கூடாது. தசைகளுக்குப் போகிற ரத்தக் குழாய்களில் பீட்டா ஏற்பிகள் குழாயை விரிக்கிற வேலையைச் செய்கின்றன. அதை முதலில் அடைத்துவிட்டால் சுருக்குகிற ஆல்ஃபாவை எதிர்க்க ஆளில்லாமல் பிபி இன்னும் ஏறிவிடும். படபடப்புக்கு என்று யாரோ எப்போதோ எழுதிக் கொடுத்த புரோப்ரனலால் என்ற பீட்டா பிளாக்கர் வீட்டில் இருந்தால் அதை நீங்களாகப் போடாதீர்கள்.

ஆபரேஷன் அன்று சர்ஜனுக்குச் சமமாக உழைக்கிறவர் மயக்க மருந்து டாக்டர். மணிக்கட்டு நாடியில் ஒரு மெல்லிய குழாய் விட்டு ஒவ்வொரு துடிப்புக்கும் பிபி பார்த்துக்கொண்டே, ஏறினால் நைட்ரோபுரசைடு, மெக்னீசியம், சிரையைக் கட்டியதும் இறங்கினால் சலைன், நார்அட்ரினலின் என்று இரண்டு பக்கமும் மருந்தைத் தயாராக வைத்திருப்பார். வலது பக்கச் சிரை மிகக் குட்டை, நேராக உடம்பின் பெருஞ்சிரையில் போய்ச் சேர்கிறது, அதனால் அந்தப் பக்கம் சர்ஜனுக்கு நெஞ்சு படபடக்கும் இடம். கட்டி போனதும் இன்னொன்று: இதுநாள்வரை அட்ரினலின் அடக்கி வைத்திருந்த இன்சுலின் திடீரென்று விடுபடும், சர்க்கரை சரிந்துவிடலாம். ஒன்றிரண்டு நாள் அடிக்கடி விரலைக் குத்திப் பார்ப்பது அதற்காகத்தான், எரிச்சல்படாமல் விரலை நீட்டுங்கள்.

வெளிப்பட்டைக் கட்டிகளில் கணக்கே வேறு. கட்டி கார்டிசாலைக் கொட்டுகிற குஷிங் சிண்ட்ரோமில் மறுபக்க அட்ரினல் வேலையில்லாமல் உறங்கிப்போயிருக்கும். கட்டியை எடுத்த அன்றே உடம்பில் கார்டிசால் இல்லாமல் போகும் என்பதால் அதற்கு ஈடான ஹைட்ரோகார்டிசோன் ஊசியோடுதான் வெளியே கொண்டுவருவார்கள். பிறகு மாத்திரை மாதக்கணக்கில், சிலருக்கு ஒரு வருடத்துக்கு மேலும் போகும், உடம்பு நன்றாக இருக்கிறதே என்று பாதியில் நிறுத்தினால் உயிருக்கே ஆபத்து. ரத்தம் உறைகிற வாய்ப்பும் இவர்களுக்கு அதிகம், அதற்கும் ஊசி போடுவார்கள். ஆல்டோஸ்டிரோன் கட்டி என்றால் பொட்டாசியத்தை முதலில் ஏற்றிச் சரிசெய்ய வேண்டும், இவர்களுக்கு உப்பு கூடவே கூடாது. பக்கத்துப் படுக்கைக்காரருக்குச் சொன்ன சாப்பாட்டை நம் ஆளுக்கும் கொடுத்துவிடாதீர்கள் என்று நான் வற்புறுத்துவது இதனால்தான். அட்ரினலில் கட்டி என்று தெரிந்ததும் மெட்டாநெஃப்ரின் பார்ப்பதோடு, இரவில் 1 மில்லிகிராம் டெக்சாமெத்தசோன் என்ற ஸ்டீராய்டு மாத்திரை கொடுத்துக் காலையில் கார்டிசால் பார்க்கிற பரிசோதனையும் செய்வார்கள், பிபி இருந்தால் ஆல்டோஸ்டிரோனும். இவை எதுவும் பார்க்காமல் ஆபரேஷனுக்குத் தேதி கொடுத்தால் ஏன் என்று கேளுங்கள்.

ஃபியோகுரோமோசைட்டோமா உள்ளவர்களில் ஏறக்குறைய மூன்றில் ஒருவருக்கு அது பரம்பரை மரபணு மாற்றத்தால் வருகிறது. 1886இல் ஜெர்மனியின் ஃப்ரைபுர்கில் ஃபெலிக்ஸ் ஃப்ராங்கல் பதிவுசெய்த, இரண்டு அட்ரினலிலும் கட்டி இருந்த 18 வயதுப் பெண்ணின் குடும்ப வழியினரை 2007இல் தேடிப்பிடித்துச் சோதித்தபோது அவர்களிடம் ரெட் என்ற மரபணுவில் மாற்றம் இருந்தது, நூறாண்டுக்கு மேல் அது அந்த வீட்டுக்குள்ளேயே ஓடிக்கொண்டிருந்திருக்கிறது. ஆகவே மரபணுப் பரிசோதனையைப் பற்றி டாக்டரிடம் பேசுங்கள், மாற்றம் இருந்தால் அண்ணன் தம்பி, அக்கா தங்கை, பிள்ளைகள் எல்லோரும் பார்த்துக்கொள்ள வேண்டும். நோயாளிக்கு ஆபரேஷன் முடிந்து சில வாரத்தில் மெட்டாநெஃப்ரின் மறுபடியும் பார்ப்பார்கள். அது சரியாக வந்தாலும் கட்டி திரும்ப வரக்கூடும் என்பதால் வருடத்துக்கு ஒரு தடவை அதே பரிசோதனை தொடரும், அன்றைக்கும் படுத்துத்தான் ரத்தம் கொடுக்க வேண்டும்.