ரப்பர் காப்புரிமை வழக்கில் நிபுணர் சாட்சி எதற்கு?

"ரப்பர் தொழிலில் இருக்கும் யாருக்கும் இது தோன்றியிருக்குமே, இதற்கு எதற்குக் காப்புரிமை?" ஒரு ரப்பர் கண்டுபிடிப்பின் காப்புரிமையை ரத்து செய்யக் கேட்டு கோலாலம்பூர் உயர் நீதிமன்றத்துக்குப் போகிறவர் வைக்கக்கூடிய வலுவான வாதம் இது.

மலேசியாவின் 1983 காப்புரிமைச் சட்டப்படி கண்டுபிடிப்பு புதியதாக இருந்தால் மட்டும் போதாது. ஏற்கெனவே வெளியான தகவல்களை வைத்துப் பார்த்தால், அந்தத் துறையில் சாதாரணத் திறமை உள்ள ஒருவருக்கு அது எளிதில் தோன்றிவிடக் கூடாது என்கிறது 15ஆம் பிரிவு.

யார் அந்த 'ஒருவர்'? ரப்பர் பாலில் ஆசிட் ஊற்றினால் உறையும் என்பது தோட்டத்தில் பால்மரம் வெட்டிய நம் தாத்தா பாட்டிக்குப் பாடம் படிக்காமலே தெரியும். எஞ்சினில் ஆயில் கசியாமல் அடைக்கும் வளையமான ஆயில் சீலுக்கு எந்த ரப்பரில் எதை எவ்வளவு கலப்பது என்பது வேறு கைப்பழக்கம். நீதிபதிக்கும் அது தெரிந்திருக்க வேண்டியதில்லை. அதனால்தான் 1950 சாட்சியச் சட்டத்தின் 45ஆம் பிரிவு நிபுணரின் கருத்துக்கு இடம் தருகிறது.

இயற்கை ரப்பர் எஞ்சின் ஆயிலில் உப்பிவிடும், நைட்ரைல் ரப்பர் தாங்கும். ஒன்றை எடுத்துவிட்டு மற்றதை வைத்ததற்கு மட்டும் காப்புரிமை நிற்பது கடினம். ஆனால் நைட்ரைலில் அதன் மூலப்பொருளில் ஒன்றான அக்ரிலோநைட்ரைலின் அளவைக் கூட்டினால் ஆயிலை இன்னும் நன்றாகத் தாங்கும், குளிரில் விறைத்துப்போகும். இரண்டையும் சமாளிக்கும் கலவை ஒன்று வந்தால், அது எளிதில் தோன்றியிருக்குமா? விண்ணப்பத் தேதியன்று கலவை போடுபவர்கள் எதை முயன்றிருப்பார்கள், எது பலிக்கும் என்று நம்பியிருப்பார்கள் என்பதை நிபுணர் காரணத்தோடு சொல்ல வேண்டும். விடையைப் பார்த்துவிட்டுப் பின்னோக்கி வழி கண்டுபிடிப்பது செல்லாது. பெரிய விஞ்ஞானியைக் கூட்டி வந்தால் போதும் என்று நினைப்பதும் தவறு. அவருக்கு எளிதாகத் தோன்றுவது சாதாரணத் தொழில்நுட்பருக்குத் தோன்றாமல் போகலாம். அப்புறம், கூலி கொடுப்பவர் யாராக இருந்தாலும் நிபுணரின் முதல் கடமை நீதிமன்றத்துக்குத்தான். 2012 நீதிமன்ற விதிகளின் 40ஏ ஆணை அதைத் தெளிவாகச் சொல்கிறது.

முன்னேற்றம் சிறியது என்றால் பயன்பாட்டுப் புத்தாக்கச் சான்றிதழுக்கு விண்ணப்பிக்கலாம். அதற்கு 15ஆம் பிரிவின் சோதனை இல்லை. முதலில் 10 ஆண்டு, பயன்பாட்டில் இருந்தால் இரண்டு முறை ஐந்தைந்து ஆண்டு நீட்டிக்கலாம்.

பட்டறையில் புதுக் கலவை முயல்கிறவர்கள் தயவுசெய்து தேதியிட்டு நோட்டில் எழுதி வையுங்கள், முக்கியமாகச் சரியாக வராத கலவைகளை. அது எளிதில் தோன்றவில்லை என்று நிபுணர் பிறகு காட்ட அந்தப் பக்கங்கள்தான் உதவும்.