இலையை மட்டும் அனுப்பாதீர்கள்

எங்கள் தாவர மரபணு ஆய்வகத்துக்கு மறுபடியும் ஒரு கவர். உள்ளே ஈரம் உறிஞ்சும் சிலிக்கா ஜெல்லில் காய்ந்த, ஒரு தோட்டச் செடியின் நாலு இலை, ஒரு துண்டுச்சீட்டு: "காட்டில் அழிந்துபோன இனம். எந்த மலையிலிருந்து வந்தது என்று டி.என்.ஏ. பார்த்துச் சொல்லவும்." பதிவு எண் இல்லை, விதை கொடுத்தவர் பெயர் இல்லை. இந்த மாதத்தில் இது மூன்றாவது.

டி.என்.ஏ.வில் ஊர் பெயர் எழுதியிருக்காது. ஒப்பிட்டுத்தான் சொல்ல முடியும். அந்த மலைச் செடியோடு ஒத்துப்போகிறது என்று சொல்ல, அந்த மலையில் செடி இருக்க வேண்டுமே! அதுதான் போய்விட்டதே. யாராவது அங்கே பறித்து, அழுத்தி, ஹெர்பேரியத்தில் (உலர்ந்த செடிகளின் காப்பகத்தில்) வைத்த மாதிரி கிடைத்தால் அதிர்ஷ்டம். அதிலும் பழைய தாள் என்றால் டி.என்.ஏ. துண்டு துண்டாகத்தான் வரும். அதுவும் இல்லையென்றால், தோட்டச் செடிகளில் எது எதற்கு உறவு என்பது வரைதான் எங்களால் போக முடியும். பிறந்த இடம் கேட்காதீர்கள்.

"எங்களிடம் நிறைய இருக்கிறதே, இனம் பிழைத்துவிட்டது" என்பார்கள் சிலர். என்செஃபலார்டோஸ் வுடியை என்ற சைகஸ் வகைச் செடியைப் பாருங்கள். 1895இல் தென்னாப்பிரிக்காவில் தாவரவியலாளர் ஜான் மெட்லி வுட் கண்டது ஒரே ஒரு ஆண் செடி. இன்று பூங்காக்களில் நிற்பதெல்லாம் அதன் பக்கக்கன்றுகளும் அவற்றின் கன்றுகளும்தான். எத்தனை இருந்தாலும் மரபணுக் கணக்கில் ஒன்று.

பசிபிக் கடலில் உள்ள ஈஸ்டர் தீவின் டொரோமிரோ மரத்தின் கதை இன்னும் சிக்கல். ரானோ காவ் எரிமலைப் பள்ளத்தில் எஞ்சிய மரத்தின் விதையை 1955–56இல் நார்வே ஆய்வுப் பயணி தோர் ஹெயர்டாலின் குழு எடுத்து வந்தது. ஸ்வீடனின் கோதன்பர்க் பூங்காவில் அது முளைத்தது. தீவில் நின்ற மரம் போய்விட்டது. பின்னாளில் மரபணு பார்த்தபோது, அதே பெயரில் வளர்க்கப்பட்ட சில செடிகள் அதே சொஃபோரா பேரினத்தின் வேறு இனங்களாகவும் கலப்பினங்களாகவும் இருந்தன. யாரும் ஏமாற்றியிருக்க வேண்டியதில்லை. பக்கத்துச் செடியின் மகரந்தம், பழைய பெயரிலேயே ஒரு விதைப் பொட்டலம், அவ்வளவு போதும்.

ஆகவே, குச்சி வெட்டினால் தாய்ச்செடியின் எண்ணைக் கூடவே எழுதுங்கள். பூங்காவில் பறித்த விதையைக் காட்டு விதை என்று குறிக்கவே குறிக்காதீர்கள். செடி வாடத் தொடங்கினால், சாவதற்கு முன்பே இலை எடுத்து வையுங்கள். மங்கிய லேபிளைத் தயவுசெய்து குப்பையில் போடாதீர்கள். ஒருமுறை வேரடி மண்ணில் கிடைத்த அலுமினியத் தகட்டைச் சாய்த்துப் பிடித்தபோது கீறலாக ஓர் எண் தெரிந்தது. அதை வைத்தே பழைய பேரேட்டில் விதை அனுப்பியவர்வரை போய்விட்டோம். ஆய்வகத்தில் ஒரு வருடம் மல்லாடியும் கிடைக்காத பதில் அது.

நாலு இலை அனுப்பியவருக்கு: முதலில் உங்கள் பழைய பதிவேட்டைத் தேடுங்கள். இலை எங்கள் அலமாரியில் பத்திரமாக இருக்கிறது.