பழுப்பு நிறம் வந்தாச்சு, ஜெல் ஏன் நீர்த்துப்போகிறது?

வெட்டுக்காயப் பூண்டைக் கசக்கிக் காயத்தில் பிழிந்துவிடுவது நம் ஊர்ப்பக்கம் இன்றும் உண்டு. அதே இலையால் வெள்ளி நானோ துகள் (கிருமியைக் கொல்லும் மிக நுண்ணிய வெள்ளித் துகள்) செய்து, ஜெல்லில் கலந்து காயத்துக்குப் போடலாமா என்று ஆய்வகங்களில் பார்க்கிறார்கள். எல்லோரும் துகளைப் பற்றியே பேசுகிறார்கள், என்னைக் கேட்டால் பாதி வேலை ஜெல்லில்தான் இருக்கிறது.

துகள் சுலபம். ஒரு லிட்டர் காய்ச்சி வடித்த நீரில் 0.17 கிராம் சில்வர் நைட்ரேட்டைக் கரைத்து (குழாய்த் தண்ணீர் வேண்டாம், அதிலுள்ள குளோரைடு வெள்ளியைப் பிடித்துக்கொண்டு வெள்ளையாகக் கலங்கிவிடும்), இலையைக் கொதிக்கவைத்து வடிகட்டிய சாற்றைச் சேர்த்தால் கரைசல் மெல்ல மஞ்சளாகி, அப்புறம் பழுப்பாகும். சாற்றின் பாலிபீனால்கள் (செடியில் இயல்பாக உள்ள சேர்மங்கள்) வெள்ளி அயனிக்கு எலக்ட்ரான் கொடுத்து உலோகமாக்குகின்றன, துகள்கள் ஒன்றோடொன்று ஒட்டாதபடி மேலே போர்வையாகவும் படிகின்றன.

ஜெல் எதற்கு? ஈரமாக மூடி வைத்த காயம் காய்ந்த காயத்தைவிட ஏறக்குறைய இரு மடங்கு வேகத்தில் தோல் மூடுகிறது என்று ஆய்வாளர் ஜார்ஜ் வின்டர் 1962-இல் பன்றிகளில் காட்டினார். அந்த ஈரத்தைப் பிடித்துவைக்கத்தான் ஜெல்.

ஜெல்லுக்குப் பெரும்பாலும் கார்போபால் பொடிதான் (தண்ணீரில் ஊறிக் கெட்டியாகும் செயற்கைப் பாலிமர்), 100 கிராமுக்கு ஒரு கிராம் போதும். மொத்தமாகக் கொட்டினால் வெளியே வழுவழு, உள்ளே காய்ந்த மாவு என்று கட்டி கட்டியாகிவிடும், அதனால் கலக்கிக்கொண்டே தூவி, ராத்திரி முழுக்க ஊறவிடுவார்கள். காலையில் பார்த்தால் தண்ணியாகவும் புளிப்பாகவும், பிஹெச் 3 அளவில் இருக்கும். டிரைஎத்தனாலமைன் என்ற காரத்தைச் சொட்டுச் சொட்டாக விட்டதும் சுருண்டு கிடந்த கார்போபால் மூலக்கூறுச் சங்கிலிகளில் எதிர்மின்னூட்டம் ஏறி, ஒன்றையொன்று தள்ளி விரிந்து, தண்ணீரைப் பிடித்துக்கொள்ளும். கரண்டியைத் தூக்கினால் கூம்பாக நிற்கும்.

இதில் பழுப்புக் கரைசலை அப்படியே ஊற்றினால் காரியம் கெட்டது. சாற்றிலுள்ள பொட்டாசியம், கால்சியம் உப்புகள் அந்த மின்னூட்டத்தை மறைத்துவிடும், சங்கிலிகள் மறுபடி சுருண்டு ஜெல் இளகிவிடும். அதனால் துகளை மையவிலக்கியில் சுழற்றி, கழுவிச் சேர்க்க வேண்டும். ரொம்பவும் கழுவினால் போர்வையும் போய், துகள்கள் திரண்டு சாம்பல் நிறமாக அடியில் படியும். வெள்ளி கூடினாலும் ஆபத்து, கிருமியைக் கொல்லும் அதே அயனி காயத்தை மூடவரும் தோல் செல்களையும் தாக்கும்.

சரியாகக் கழுவினோமா என்று தெரிய, ஜெல்லைக் கண்ணாடித் தகட்டில் ஒரு பொட்டு வைத்துச் சாய்த்துப் பாருங்கள். உப்பு அதிகம் மிச்சமிருந்தால் ஓரத்துக்கு வழிந்துவிடும்.