டாங்கி: தொட்டியின் பெயரில் ஒளிந்து வந்த போர்வண்டி

டாங்கி என்று தமிழில் எழுதப்படும் சொல், எஃகுக் கவசம் பூண்டு, சங்கிலிப் பட்டைகளின்மேல் ஊர்ந்து சென்று, தன்னுள் பொருத்தப்பட்ட சுடுகலன்களால் பகைவரைத் தாக்கும் போர்வண்டியைக் குறிக்கிறது. ஆங்கிலத்தில் ‘டேங்க்’ என வழங்குவதன் ஒலிபெயர்ப்பே இது. அந்தச் சொல்லுக்கு ஆங்கிலத்தில் முதலில் இருந்த பொருளோ நீர்நிலை, நீர்த்தொட்டி என்பதுதான். போர்வண்டிக்கு அந்தப் பெயர் வாய்த்த கதை முதல் உலகப் போரின் நடுவே தொடங்குகிறது. தமிழில் இதற்கு ஈடான சொல்லைத் தேடுவோர் அக்கதையை அறிந்துகொண்டு தேடுவது நல்லது.

1914ஆம் ஆண்டு முடிவதற்குள் மேற்குப் போர்முனை, சுவிட்சர்லாந்தின் எல்லை முதல் வட கடல் வரை பதுங்கு அகழிகளின் நீண்ட வரிசையாக உறைந்து போயிற்று. முள்கம்பி வேலியும் இயந்திரத் துப்பாக்கியும் சேர்ந்து காலாட்படையின் முன்னேற்றத்தைத் தடுத்துவிட்ட நிலையில், அகழிகளைத் தாண்டிச் செல்லக்கூடிய கவச வண்டியொன்றை உருவாக்கும் முயற்சியைப் பிரித்தானியத் தரைப்படையைவிடக் கடற்படைத் துறையே முனைப்புடன் மேற்கொண்டது. அதன் அமைச்சராக இருந்த வின்ஸ்டன் சர்ச்சில் 1915 பிப்ரவரியில் இதற்கென அமைத்த குழுவின் பெயர் ‘நிலக்கப்பல் குழு’. டாங்கியின் உடற்கூட்டையும் மேல்திறப்பையும் ஆங்கிலேயர் இன்றும் ஹல், ஹேட்ச் என்று கப்பல்களுக்குரிய சொற்களாலேயே அழைப்பது அந்தப் பிறப்பின் அடையாளம்.

நிலக்கப்பல் என்ற பெயர் பொருத்தமானதே. ஆனால் அதைக் கேட்ட மாத்திரத்தில் எந்த ஒற்றனும் செய்தியை ஊகித்துவிடுவான். ஆகவே லிங்கன் நகரில் வண்டியைக் கட்டிய வில்லியம் ஃபாஸ்டர் நிறுவனத்தில், அது மெசபடோமியாவில் போரிடும் படைகளுக்கான தண்ணீர் வண்டி என்று கதை கட்டப்பட்டது. 1915 டிசம்பரில் எர்னெஸ்ட் ஸ்விண்டன் என்னும் படை அதிகாரியும் வால்டர் டேலி ஜோன்ஸும் அதற்கு மறைபெயர் தேடியபோது, கொள்கலம், நீர்த்தேக்கம் போன்ற பொருள்தரும் சில சொற்களை எண்ணிப் பார்த்து, அவற்றினும் சுருக்கமான, எளிதில் நாவில் நிற்கக்கூடிய ‘டேங்க்’ என்பதைத் தேர்ந்தனர். ஏமாற்று அதோடு நிற்கவில்லை. வண்டிகள் ரஷ்யாவுக்குப் போகின்றன என்று நம்பவைப்பதற்காக, ‘பெட்ரோகிராடுக்கு, கவனமாகக் கையாள்க’ என்னும் பொருள்பட அவற்றின்மேல் ரஷ்ய எழுத்துகளும் தீட்டப்பட்டன. இவ்வண்டிகளுக்கான படைப்பிரிவுகூட முதலில் இயந்திரத் துப்பாக்கிப் படையின் ‘கனரகப் பிரிவு’ என்றே பதிவாயிற்று. 1917 ஜூலையில்தான் அது வெளிப்படையாக டாங்கிப் படை எனப் பெயர் பெற்றது.

1916 செப்டம்பர் 15 அன்று, பிரான்சின் சோம் ஆற்றுப் பகுதியில் நடந்த சோம் போரின் ஒரு கட்டமான ஃப்ளேர்-கூர்செலெத் தாக்குதலில் டாங்கிகள் முதன்முறையாகக் களம் இறங்கின. ஒதுக்கப்பட்ட 49 வண்டிகளில் ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு, பழுதுபட்டோ சேற்றில் சிக்கியோ, தாக்குதல் தொடங்கும் இடத்தையே எட்டவில்லை. 28 டன் எடையும் 8 பேர் கொண்ட குழுவும் உடைய அந்த மார்க் 1 வண்டி, நல்ல தரையிலும் மணிக்கு 6 கிலோமீட்டர் அளவுக்கே ஓடியது. அதில் ‘ஆண்’, ‘பெண்’ என இரு வகைகள் இருந்தன. ஆண் வகையில் இரண்டு சிறு பீரங்கிகள் இருந்தன. பெண் வகையில் பீரங்கியே கிடையாது, இயந்திரத் துப்பாக்கிகள் மட்டுமே. அந்தப் பெயர்களின் நகைச்சுவையைப் பற்றி இங்கே விரிவாகப் பேசத் தேவையில்லை. ஆனால் பீரங்கி இல்லாத வண்டியும் தொடக்க முதலே டாங்கிதான் என்பது பின்னால் நமக்குப் பயன்படும்.

ஒற்றர்களை ஏமாற்றப் பயன்பட்ட அந்த ஆங்கிலச் சொல்லும் இங்கிலாந்தில் பிறந்ததன்று. நிலத்தடி நீர்த்தொட்டியைக் குறிக்கும் குஜராத்தி, மராத்திச் சொற்களிலிருந்து அது 17ஆம் நூற்றாண்டில் ஆங்கிலத்துக்குச் சென்றதாகவும், குளத்தைக் குறிக்கும் போர்த்துகீசியச் சொல்லான ‘டாங்கே’ அதனோடு கலந்திருக்கக்கூடும் என்றும் அகராதிகள் கூறுகின்றன. மூலம் வடமொழியின் ‘தடாக’ என்பதாக இருக்கலாம் என்பதும் ஒரு கருத்து. அது சரியென்றால் நம் தடாகமும் சோம் ஆற்றங்கரையின் எஃகு வண்டியும் தூரத்து உறவினர். நம் ஊர் ஏரி, குளம், கண்மாய் அனைத்தையும் ஆங்கிலேய வருவாய்த் துறையினர் ‘டேங்க்’ என்றே எழுதினர். நுங்கம்பாக்கத்தில் ஏரி மறைந்த பின்னும் ‘டேங்க் பண்ட் ரோடு’ நிலைத்திருக்க, போர்வண்டி கட்டும் ஆலை அமைந்த ஆவடியில் ‘டேங்க் ஃபேக்டரி’ என்று பேருந்து நிறுத்தம் வழங்குகிறது. ஒரே பெருநகர்ப் பகுதியில் ஒரே சொல்லின் இரு வாழ்க்கைகள் இவை.

பிற மொழியினர் எல்லோரும் இந்த மறைபெயரைக் கடன் வாங்கிவிடவில்லை. ரஷ்யர் அப்படியே எடுத்துக்கொண்டனர். ஜெர்மானியர் கவசம் என்னும் பொருளுடைய ‘பான்சர்’ என்றனர்; அதுவும் வயிற்றை மறைக்கும் கவசத்தைக் குறித்த பழைய பிரெஞ்சுச் சொல்லின் வழிவந்ததுதான். பிரெஞ்சுக்காரர் தேரையும் வண்டியையும் குறிக்கும் ‘ஷார்’ என்பதை வைத்துத் ‘தாக்குதல் தேர்’ என்றனர். என் மனத்துக்கு மிகவும் உகந்தது போலந்து மொழியின் ‘சோவ்க்’: ஊர்தல் என்னும் வினையிலிருந்து ஆக்கப்பட்ட அந்தப் பெயர், வண்டியைப் பார்த்தவன் வைத்த பெயராகவே ஒலிக்கிறது.

தமிழில் ‘பீரங்கி வண்டி’ என்பது செய்தித்தாள்களில் பரவலாக வழங்குகிறது. கேட்டவுடன் விளங்கும் என்பது அதன் சிறப்பு. ஆயினும் மார்க் 1 வண்டியின் பெண் வகையும், 1939இல் போலந்துக்குள் புகுந்த ஜெர்மனியின் முதலாம் வகைப் பான்சரும் இயந்திரத் துப்பாக்கி மட்டுமே ஏந்தியவை. மறுபுறம், தொலைவிலிருந்து குண்டு வீசுவதற்கென்றே உள்ள, தானே நகரும் பீரங்கிகள் உண்மையில் பீரங்கி வண்டிகளாக இருந்தும் டாங்கிகள் ஆவதில்லை. பீரங்கி என்பதும் ஐரோப்பியரைக் குறித்த பறங்கி என்னும் சொல்லோடு தொடர்புடையதாகக் கருதப்படுவதால், தனித்தமிழ் என்ற முறையிலும் அதற்கு உரிமை கோர இயலாது. ‘கவச வாகனம்’ மிக விரிந்த பெயர். துருப்புகளை ஏற்றிச் செல்லும் வண்டியும் சக்கரங்களில் ஓடும் கவசக் காரும் அதில் அடங்கிவிடும். தகர்த்தல் என்னும் வினையடியாகப் பிறந்த ‘தகரி’ வடிவில் அழகியது என்றாலும், ஏவுகணைக்கும் வெடிகுண்டுக்கும் அது அதே அளவுக்குப் பொருந்தும்.

இலங்கைத் தமிழில் வழங்கும் ‘தாங்கி’ என்பதையே நான் முன்மொழிவேன். அங்கே தண்ணீர்த் தொட்டி ‘நீர்த்தாங்கி’, போர்வண்டி ‘யுத்த தாங்கி’. ஆங்கிலத்தில் மறைபெயரால் நேர்ந்த இரட்டைப் பொருளைத் தமிழ் தன் சொந்த வினையடியிலிருந்தே இவ்வாறு பெற்றுவிடுகிறது. கவசத்தையும் சுடுகலனையும் தாங்குவது என்ற பொருளும் நிற்கிறது, அயற்சொல்லின் ஒலிச்சாயலும் கெடவில்லை. சுமைதாங்கி, இடிதாங்கி, விமானந்தாங்கிக் கப்பல் ஆகியவற்றைப் பழகிய காதுக்கு அது அந்நியமாகவும் ஒலிக்காது. தாங்கி என்று தனியே நின்றால் மயக்கம் வரும் இடங்களில் ‘போர்த்தாங்கி’ என விரித்து எழுதலாம். ‘தாங்கிப்படை’, ‘தாங்கி எதிர்ப்பு ஏவுகணை’ என்ற தொடர்களில் அந்த அடைமொழியும் வேண்டியதில்லை.